குறைமாசக் குழந்தைக்கு ஆக்சிஜன் சாச்சுரேஷன் எவ்வளவு வைக்கணும்? ஆதாரத்தை எடை போட்டுப் பாக்க ஒரு முழு வழிகாட்டி

28 வாரத்துக்கு முன்னாடியே பிறந்துட்ட ஒரு குழந்தைக்கு ஆக்சிஜன் குடுக்கும்போது மானிட்டர்ல சாச்சுரேஷன், அதாவது ரத்தத்துல ஆக்சிஜன் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்குங்கிற எண், எவ்வளவு இருக்கணும்? கேள்வி ஒரு வரிதான். ஆனா இதுக்காக 70 வருஷத்துக்கு மேல சண்டை நடந்திருக்கு, கிட்டத்தட்ட 5,000 குழந்தைங்கள வச்சு பெரிய ட்ரயல்களும் முடிஞ்சிருக்கு, அப்பவும் ஒருத்தர் 88 போதும்பாரு, இன்னொருத்தர் 91-க்குக் கீழ விடவே கூடாதும்பாரு. ரெண்டு பேருமே ஸ்டடியைக் காட்டித்தான் பேசுவாங்க.

இது பிஜி படிக்கிறவங்க, என்ஐசியூ (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு) நர்ஸுங்க, அப்புறம் சொந்தக் குழந்தை இன்குபேட்டர்ல இருக்கறதால ராத்திரி முழுக்க படிச்சிட்டு இருக்கற அப்பா அம்மா எல்லாருக்கும் சேர்த்து எழுதுறது. அப்பா அம்மாவுக்கு ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லிடறேன், இதைப் படிச்சிட்டு டாக்டர்கிட்ட நல்ல கேள்வி கேக்கலாம், ஆக்சிஜன் குமிழைத் திருப்பக் கூடாது.

படி 1: எந்தக் குழந்தை, எந்த நேரம்னு முதல்ல பிரிங்க

குழப்பத்துல பாதி இங்கதான் ஆரம்பிக்குது. "குறைமாசக் குழந்தைக்கு சாச்சுரேஷன்"னு ஒரே பேர்ல குறைஞ்சது நாலு வேற வேற கேள்வி சுத்திட்டு இருக்கு. பிறந்த முதல் 10 நிமிஷம் ஒண்ணு. அதுக்கப்புறம் வார்டுல வாரக்கணக்கா ஆக்சிஜன்ல இருக்கற காலம் ரெண்டாவது. கர்ப்பக் கணக்குல 32 வாரம் ஆகியும் இன்னும் ஆக்சிஜன் தேவைப்படற குழந்தைங்க மூணாவது. கண்ல ஆர்ஓபி (குறைமாசக் குழந்தைங்களுக்கு வர்ற விழித்திரை நோய், படி 2-ல விளக்கறேன்) ஏற்கெனவே வந்துட்ட குழந்தைங்க நாலாவது.

மூணாவதுக்கு பூஸ்ட்னு ஒரு ட்ரயல், 2003-ல வந்தது, 358 குழந்தைங்க, 91–94 ஒரு பக்கம், 95–98 இன்னொரு பக்கம். மேல வச்சதால வளர்ச்சியோ மூளை வளர்ச்சியோ கூடல, ஆக்சிஜன்ல இருக்கற நாள்தான் கூடிச்சு. நாலாவதுக்கு ஸ்டாப்-ஆர்ஓபி, 2000-ல, 649 குழந்தைங்க, 89–94-ஆ 96–99-ஆன்னு பாத்தாங்க. மேல வச்சா கண் நோய் முத்தறது தெளிவா குறையும்னு காட்ட முடியல, நுரையீரல் பிரச்சினை அதிகமாச்சு. ரெண்டுமே நல்ல ட்ரயல்தான், ஆனா பிறந்த அன்னிக்கே ஆரம்பிக்கிற டார்கெட்டுக்கு, அதாவது வைக்கணும்னு குறிக்கிற சாச்சுரேஷன் அளவுக்கு, இதுல பதில் கிடையாது. யாராவது இதைக் காட்டி அதுக்கு வாதம் பண்ணா அங்கேயே நிறுத்திடுங்க.

படி 2: ரெண்டு பக்கமும் என்ன பயம்னு தெரிஞ்சுக்கங்க

குறைமாசத்துல பிறந்த குழந்தைக்கு விழித்திரையில ரத்தக்குழாய் இன்னும் ஓரம் வரைக்கும் வளர்ந்திருக்காது. ஆக்சிஜன் அதிகமா போனா குழாய் வளரத் தூண்டற சிக்னல் அடங்கிடும், வளர்ச்சி நின்னுடும். கொஞ்ச வாரம் கழிச்சு, குழாய் இல்லாத அந்த விழித்திரை ஆக்சிஜன் கேட்டு தவிக்க ஆரம்பிச்சதும் சிக்னல் ஒரேயடியா ஏறி குழாய்ங்க தாறுமாறா முளைக்கும், முத்தினா விழித்திரை பிஞ்சு பார்வை போயிடும். அதுதான் ஆர்ஓபி.

1942-ல டெர்ரிங்கிற கண் டாக்டர் இந்த நோயை விவரிச்சாரு. அடுத்த பத்து வருஷத்துல உலகம் முழுக்க சுமார் 10,000 குழந்தைங்க பார்வை இழந்ததா கணக்கு. 1951-ல மெல்பர்ன்ல கேட் கேம்ப்பெல், ஆக்சிஜன்தான் காரணமா இருக்கும்னு எழுதினாங்க. 1953-54-ல அமெரிக்காவுல 18 ஆஸ்பத்திரி சேர்ந்து ட்ரயல் நடத்தி அதை உறுதி பண்ணாங்க. உடனே எல்லா இடத்துலயும் ஆக்சிஜன் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு ஒரு பழக்கம் வந்துச்சு, பார்வை இழப்பும் மடமடன்னு குறைஞ்சுது, எல்லாரும் ஜெயிச்சுட்டோம்னு நினைச்சாங்க.

ஆனா அந்த ட்ரயல்ல குழந்தைங்களைச் சேர்த்ததே பிறந்து 48 மணி நேரம் கழிச்சுதான். மூச்சுத் திணறல்ல குறைமாசக் குழந்தைங்க அதிகமா சாகுறதே அந்த முதல் ரெண்டு நாள்ல. அப்போ ஆக்சிஜனைக் குறைச்சதால யாராவது செத்தாங்களாங்கிற கேள்விக்கு அந்த ட்ரயல் பதில் சொல்லவே முடியாது, ஆனா நாடு நாடா அதை வச்சே முதல் நாள் குழந்தைக்கும் ஆக்சிஜனைக் கட் பண்ணாங்க. 1973-ல கிராஸ்ங்கிறவர் இங்கிலாந்து இறப்புக் கணக்கை எடுத்து வச்சு, ஒரு குழந்தையோட பார்வையைக் காப்பாத்த சுமார் 16 குழந்தை செத்திருக்கலாம்னு எழுதினாரு. அது தோராயக் கணக்குதான், 16-ங்கிற எண்ணைப் பிடிச்சுத் தொங்க வேண்டாம். ஆனா எந்த ஸ்டடி கையில வந்தாலும் நான் முதல்ல தேடறது இதைத்தான்: யாரை எண்ணாம விட்டாங்க?

படி 3: மிஷின் காட்டற நம்பரை முழுசா நம்பாதீங்க

பல்ஸ் ஆக்சிமீட்டர் தோல் வழியா வெளிச்சம் விட்டு கணக்குப் போடற மிஷின். குழந்தைங்கள்ல உண்மையான அளவுக்கு 3 சதவீதம் வரைக்கும் மேலயோ கீழயோ காட்டறது சாதாரணம், அதாவது ஸ்கிரீன்ல 90-ன்னா உள்ள 87-ஆவும் இருக்கலாம் 93-ஆவும் இருக்கலாம். கருப்புத் தோல்ல இது உண்மையை விட கொஞ்சம் கூடுதலா காட்டும்னு பெரியவங்கள்ல 2020-ல வந்த ஸ்டடி பெருசா பேசப்பட்டுச்சு, அப்புறம் குறைமாசக் குழந்தைங்க கிட்டயும் அதே மாதிரி பாத்திருக்காங்க.

இன்னொரு விஷயம் இதை விட முக்கியம். ரத்தத்துல ஆக்சிஜன் அழுத்தம் ஏற ஏற சாச்சுரேஷன் எப்படி ஏறுதுன்னு வரைஞ்சா ஒரு வளைவு வரும், சாச்சுரேஷன் 95-ஐத் தாண்டினதும் அந்த வளைவு படுத்துடும். 97-க்கும் 99-க்கும் நடுவுல நம்பர்ல ரெண்டுதான் வித்தியாசம், ஆனா ரத்தத்துல ஆக்சிஜன் அழுத்தம் 80-ஆ இருக்கா 200-ஆ இருக்கான்னு மிஷினுக்குத் தெரியாது. மேல் எல்லை 95-ன்னு வைக்கிறதுக்குப் பின்னாடி இருக்கற காரணம் இது. இதுவே குழந்தை வெறும் காத்துல, ஆக்சிஜன் எதுவும் குடுக்காம 98 காட்டுதுன்னா அதுல ஒரு ஆபத்தும் இல்ல, காத்துல 21 சதவீதம்தான் இருக்கு, அழுத்தம் அந்த அளவுக்கு ஏறவே முடியாது. இந்த வித்தியாசம் தெரியாம பயப்படற அப்பா அம்மா நிறைய.

படி 4: கண்ணுக்கு அழகா தெரியற அப்சர்வேஷன் ஸ்டடிக்கு மயங்காதீங்க

அப்சர்வேஷன் ஸ்டடின்னா குழந்தைங்களைக் குலுக்கல்ல ரெண்டு குரூப்பா பிரிக்காம, நடக்கறதை அப்படியே பாத்து எழுதறது. 2001-ல வடக்கு இங்கிலாந்துல இருந்து அப்படி ஒரு ஸ்டடி வந்துச்சு. சில யூனிட்ல 88–98 வச்சாங்க, சில யூனிட்ல 70–90 வச்சாங்க. ட்ரீட்மெண்ட் தேவைப்படற அளவுக்கு ஆர்ஓபி மேல வச்ச இடத்துல 27.7 சதவீதம், கீழ வச்ச இடத்துல 6.2 சதவீதம். உயிர் பிழைச்சதுல பெரிய வித்தியாசம் தெரியல. அடேயப்பா, அப்போ கீழ வச்சா கண்ணும் காப்பாத்தலாம் உயிருக்கும் ஒண்ணும் ஆகாது!

அப்படித்தான் அப்போ நிறைய பேர் நினைச்சாங்க, பல யூனிட் டார்கெட்டைக் கீழ இறக்கினாங்க. ஆனா ஒரு யூனிட்டுக்கும் இன்னொரு யூனிட்டுக்கும் நடுவுல சாச்சுரேஷன் பாலிசி மட்டுமா வேற? நர்ஸ் எண்ணிக்கை, வெண்டிலேட்டர் பழக்கம், எந்தக் குழந்தையைத் தூக்கிக் காப்பாத்த முயற்சி பண்றாங்க, எல்லாமே வேற. அதுக்கு மேல, சாவு மாதிரி ஒரு விஷயத்துல 3 சதவீத வித்தியாசத்தைப் பிடிக்கணும்னா ஆயிரக்கணக்குல குழந்தைங்க வேணும், சில நூறு வச்சுப் பாத்தா வித்தியாசம் இருந்தாலும் கண்ணுல படாது. "வித்தியாசம் தெரியல"ங்கிறதும் "வித்தியாசம் இல்ல"ங்கிறதும் ஒண்ணு கிடையாது, இந்த ஒரு விஷயத்துல இந்தத் துறை குடுத்த விலை ரொம்ப அதிகம்.

படி 5: அஞ்சு பெரிய ட்ரயல்ங்களைப் பக்கத்துல பக்கத்துல வைங்க

2000-த்துக்கு அப்புறம் அஞ்சு ட்ரயல் ஒரே மாதிரி டிசைன்ல, பின்னாடி ஒண்ணா சேர்த்துப் பாக்கலாம்ங்கிற ஒப்பந்தத்தோட நடந்துச்சு: அமெரிக்காவுல சப்போர்ட், இங்கிலாந்து ஆஸ்திரேலியா நியூசிலாந்துல பூஸ்ட்-2 மூணு, கனடா தலைமையில சிஓடி. எல்லாத்துலயும் 28 வாரத்துக்குக் கீழ, எல்லாத்துலயும் 85–89 ஒரு குரூப், 91–95 இன்னொரு குரூப்.

டிசைன்ல ஒரு புத்திசாலித்தனம் இருந்துச்சு. டாக்டருக்கும் நர்ஸுக்கும் எந்தக் குழந்தை எந்த குரூப்னு தெரியக் கூடாது, ஆனா சாச்சுரேஷன் ஸ்கிரீன்ல தெரியுமே? அதனால ஆக்சிமீட்டரையே மாத்தி வச்சாங்க. எல்லார் கிட்டயும் ஸ்கிரீன்ல 88–92 வைங்கன்னு சொன்னாங்க, ஆனா பாதி மிஷின் உண்மையை விட 3 வரைக்கும் கூட்டிக் காட்டும், பாதி குறைச்சுக் காட்டும். இந்த மாதிரி கேள்விக்கு இதை விட சுத்தமா மறைக்க முடியாதுன்னு நினைக்கிறேன்.

சப்போர்ட் 2010-ல வந்தது, 1,316 குழந்தைங்க. கீழ் டார்கெட்ல வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி சாவு 19.9, மேல் டார்கெட்ல 16.2 சதவீதம். பிழைச்சவங்கள்ல கடுமையான ஆர்ஓபி கீழ 8.6, மேல 17.9. பூஸ்ட்-2 நடுவுல இருக்கும்போதே சப்போர்ட்டோட இந்த இறப்பு எண் வெளிய வந்துடுச்சு, இவங்களும் டேட்டாவைப் பாத்தாங்க, இங்கிலாந்துலயும் ஆஸ்திரேலியாவுலயும் சேர்க்கறதைப் பாதியிலயே நிறுத்திட்டாங்க. சிஓடி 2013-ல வந்தது, 1,201 குழந்தைங்க, 18 மாசத்துல சாவு அல்லது ஊனம் கீழ 51.6, மேல 49.7 சதவீதம், அதாவது தெளிவான வித்தியாசம் இல்ல. நியூசிலாந்து 340 குழந்தைங்கதான், தனியா அதுல சாவுல ஒண்ணும் தெரியல.

சப்போர்ட்டைச் சுத்தி 2013-ல ஒரு பெரிய சர்ச்சையும் வந்துச்சு. சம்மதப் படிவத்துல சாவு, கண் பாதிப்பு ரிஸ்க்கை பெத்தவங்களுக்குச் சரியா சொல்லலன்னு அமெரிக்க அரசாங்கத்தோட கண்காணிப்பு அலுவலகம் கடிதம் எழுதிச்சு, பெரிய ஜர்னல்ங்க ட்ரயல் பக்கம் நின்னு சண்டை போட்டாங்க. அது நெறிமுறைச் சண்டை, அதனால எண்ணுங்க பொய்யாகிடாது, தனித்தனியா வச்சுக்கங்க.

படி 6: சேர்த்துக் கட்டின அவுட்கமை பிரிச்சுப் போடுங்க

எனக்கு இந்த வழிகாட்டியிலயே முக்கியமான படி இதுதான்.

அஞ்சு ட்ரயலோட ஒவ்வொரு குழந்தையோட டேட்டாவையும் சேர்த்து 2018-ல அலசல் வந்தது, நியோப்ராம்னு பேரு, 4,965 குழந்தைங்க. மெயின் அவுட்கம், அதாவது முக்கியமா அளந்த முடிவு, "சாவு அல்லது பெரிய ஊனம்", 18 முதல் 24 மாசத்துல. கீழ் டார்கெட் 53.5, மேல் டார்கெட் 51.6 சதவீதம். வித்தியாசம் தற்செயலாவே வந்திருக்கலாம். சுருக்கத்தோட முதல் வரியை மட்டும் படிச்சா "ரெண்டும் ஒண்ணுதான்"னு மூடி வச்சிட்டுப் போயிடுவீங்க. கயிறு இழுக்கிற போட்டியில கயிறு நகரலைன்னா யாரும் இழுக்கலன்னா அர்த்தம்?

உள்ள பாருங்க. சாவு மட்டும் தனியா எடுத்தா கீழ 19.9, மேல 17.1. ட்ரீட்மெண்ட் வரைக்கும் போன ஆர்ஓபி கீழ 10.9, மேல 14.9. என்இசி, அதாவது குடல் அழுகிப்போற அந்தக் கொடூரமான நோய், கடுமையா வந்தது கீழ 9.2, மேல 6.9. பார்வை இழப்புல தெளிவான வித்தியாசம் இல்ல, ஏன்னா ஆர்ஓபி வந்தாலும் லேசர் வச்சோ ஊசி போட்டோ பெரும்பாலும் பிடிச்சிடறாங்க.

ஆயிரம் குழந்தைன்னு வச்சுக்கங்க. மேல் டார்கெட்டுக்குப் பதிலா கீழ் டார்கெட் வச்சா 28 சாவு கூடும், 23 என்இசி கூடும், 40 பேருக்குக் கண் ட்ரீட்மெண்ட் குறையும். வேற மாதிரி சொன்னா சுமார் 36 குழந்தைக்குக் கீழ வச்சா ஒரு சாவு கூடுது, 25 குழந்தைக்குக் கீழ வச்சா ஒரு கண் ட்ரீட்மெண்ட் மிச்சம். லேசர் போட்ட கண்ணுக்குப் பின்னாடியும் பிரச்சினை வரலாம், அது சின்ன விஷயம்னு நான் சொல்லல, ஆனா ஒண்ணு சரி பண்ண வாய்ப்பு இருக்கறது, இன்னொண்ணு திரும்ப வராதது. இந்த ரெண்டையும் ஒரே தட்டுல ஒரே எடையா போட்டது அந்த மெயின் அவுட்கமோட பலவீனம்.

இப்போ எதிர்ப்பக்கம் நின்னும் பாக்கணும், இல்லைன்னா நாம எடை போடல, நமக்குப் பிடிச்சதைப் பொறுக்கிட்டு இருக்கோம். சாவு இங்க ரெண்டாம் நிலை அவுட்கம், மெயின் அவுட்கம் இல்ல. சாவு வித்தியாசம் 2.8 சதவீதம்னாலும் அதோட நம்பிக்கை எல்லை (உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய இடைவெளி) 0.6-ல இருந்து 5.0 வரைக்கும் போகுது, அதாவது ஒரு சாவைத் தடுக்க 20 குழந்தையா 170 குழந்தையான்னு இடைவெளி பெருசு. ரெண்டு ட்ரயல் பாதியில நின்னுச்சு, பாதியில நிறுத்தற ட்ரயல் வித்தியாசத்தைக் கொஞ்சம் ஊதிக் காட்டும். இவ்வளவையும் கழிச்சப்புறமும் நான் ஏன் இதை நம்பறேன்னா, சாவு பெரிய ட்ரயல்கள்ல எல்லாம் ஒரே பக்கம்தான் சாயுது, என்இசியும் அதே பக்கம் சாயுது, ஆர்ஓபி எதிர்பார்த்த மாதிரியே எதிர்ப்பக்கம் போகுது. தற்செயல்னா இவ்வளவு ஒழுங்கா அடுக்கி வராது.

இன்னொரு நுணுக்கம்: ஆர்ஓபி கணக்குல கீழ் குரூப்ல 2,020 குழந்தை, மேல் குரூப்ல 2,065. ஆரம்பத்துல சமமா இருந்த குரூப் ஏன் இப்படி ஆச்சு? கண் பாக்கற வயசு வரைக்கும் இருந்தவங்களைத்தான் எண்ண முடியும். செத்துப்போன குழந்தைக்கு ஆர்ஓபி வராது, அதனால கீழ் டார்கெட்டோட கண் லாபத்துல ஒரு பங்கு அந்த வழியாவும் வந்திருக்கலாம். 1950-கள்ல நடந்த அதே விஷயம், அளவுல சின்னதா.

படி 7: சாஃப்ட்வேர் மாறின கதை

ட்ரயல் நடக்கும்போதே, அவங்க பயன்படுத்தின ஆக்சிமீட்டர்ல 87-ல இருந்து 90 வரைக்கும் நம்பர் வழக்கத்தை விட கம்மியா வருதுன்னு கண்டுபிடிச்சாங்க, அந்த இடத்துல மிஷின் கொஞ்சம் கூட்டிக் காட்டிட்டு இருந்திருக்கு. சரி பண்ணின சாஃப்ட்வேரை பூஸ்ட்-2-ல இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவுலயும் சிஓடியிலயும் நடுவுல மாத்தினாங்க. பூஸ்ட்-2-ல புது சாஃப்ட்வேர் வந்தப்புறம் சேர்ந்த 1,187 குழந்தைங்கள்ல சாவு கீழ 23.1, மேல 15.9 சதவீதம். ரொம்பப் பெரிய இடைவெளி.

இதை ரெண்டு விதமா படிக்கலாம். மிஷின் சரியானதும் ரெண்டு குரூப்பும் நல்லா பிரிஞ்சுது, உண்மையான வித்தியாசம் வெளிய வந்துச்சுன்னு சொல்லலாம். இல்ல, பாதியில நிறுத்தின நேரத்துல எண் அப்படி விழுந்துச்சுன்னும் சொல்லலாம், ஏன்னா சிஓடியில அந்த மாதிரி பெருசா தெரியல. நான் முதல் விளக்கத்துப் பக்கம் சாயறேன், ஆனா 7 சதவீதத்தை எடுத்து யாருக்கும் சொல்ல மாட்டேன், சேர்த்துப் பாத்த 2.8-தான் சொல்லுவேன்.

படி 8: டார்கெட் வேற, உண்மையில குழந்தை இருந்த இடம் வேற

85–89 குரூப்ல இருந்த குழந்தைங்க நாள் முழுக்க 85–89-லயே இருந்தாங்கன்னு நினைச்சா தப்பு. சப்போர்ட்ல கீழ் குரூப்போட நடு அளவு 91 பக்கம் போயிடுச்சு, ரெண்டு குரூப்பும் நிறைய நேரம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நின்னுச்சு. அப்போ இந்த ட்ரயல்ங்க ஒப்பிட்டது ரெண்டு சாச்சுரேஷனை இல்ல, ரெண்டு நோக்கத்தை. நோக்கத்துல இருந்த சின்ன வித்தியாசமே இவ்வளவு மாத்துச்சுன்னா, கட்டுப்பாடே இல்லாம விடற இடத்துல என்ன ஆகும்னு யோசிச்சுக்கங்க.

சிஓடி குழந்தைங்களோட டேட்டாவையே வச்சு 2015-ல வந்த இன்னொரு அலசல்ல, சாச்சுரேஷன் 80-க்குக் கீழ ஒரு நிமிஷத்துக்கு மேல விழுந்து கிடக்கற எபிசோடு அதிகமா இருந்த குழந்தைங்கள்ல பின்னாடி சாவும் ஊனமும் அதிகம்னு பாத்தாங்க. இது தொடர்புதான், காரணம்னு நிரூபிக்கல, நோய் அதிகமான குழந்தைக்கு எபிசோடும் அதிகமா வரும். ஆனாலும் சராசரியை மட்டும் பாக்காம ஆட்டத்தையும் பாக்கணும்னு சொல்ற ஆதாரம்.

படி 9: பிறந்த முதல் 10 நிமிஷத்தை இதோட கலக்காதீங்க

வயித்துல இருந்து வர்ற எந்தக் குழந்தைக்கும் சாச்சுரேஷன் 60 பக்கம்தான் இருக்கும், மெதுவாதான் ஏறும். வலது கையில பாத்தா ஒரு நிமிஷத்துல 60–65, அஞ்சு நிமிஷத்துல 80–85, பத்து நிமிஷத்துல 85–95-ங்கிறதுதான் வழக்கமா பயன்படுத்தற அட்டவணை. அங்க போயி முதல் நிமிஷமே 91 வேணும்னு ஆக்சிஜனை ஏத்துறது அர்த்தமில்ல. எவ்வளவு சதவீத ஆக்சிஜன்ல ஆரம்பிக்கணும்ங்கிறது தனிச் சண்டை, 2024-ல வந்த ஒரு அலசல் 90-க்கு மேல ஆரம்பிச்சா சாவு குறையலாம்னு காட்டி எல்லாரையும் ஆச்சரியப்படுத்திச்சு, ஆனா 1,055 குழந்தைங்கதான், ஆதார பலம் கம்மி. அதை வச்சு வார்டு டார்கெட்டை மாத்த முடியாது.

படி 10: கைட்லைனோட ஒத்துப் பாத்து வார்டுக்குக் கொண்டு வாங்க

இங்கிலாந்தோட நைஸ் (சிகிச்சை கைட்லைன் போடற அமைப்பு) 2019-ல 91–95 சொன்னது. ஐரோப்பிய நிபுணர் குழு 90–94, அலாரம் 89-லயும் 95-லயும். அமெரிக்க குழந்தை மருத்துவர் சங்கம் 2016-ல சரியான ரேஞ்ச் இன்னும் தெரியல, ஆனா 85–89-ஐ விட 90–95 பாதுகாப்பா இருக்கலாம்னு ஜாக்கிரதையா எழுதுச்சு. மூணும் கிட்டத்தட்ட ஒரே இடத்துல வந்து நிக்குது. ஆனா ஒரு விஷயம் கவனிங்க, 90–94, 91–95 இவங்களுக்குள்ள எது மேல்னு எந்த ட்ரயலும் பாக்கல, 88–92-ஐயும் யாரும் நேரா சோதிக்கல. அதனால ஒரு நம்பர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு ரவுண்ட்ஸ்ல சண்டை போடறதுல ஆதாரம் கிடையாது. 85–89-ஐ டார்கெட்டா வைக்காதேங்கிறதுக்குத்தான் ஆதாரம் இருக்கு.

இதை விட பெரிய வித்தியாசத்தை அலாரம் செட்டிங் உண்டாக்கும். டார்கெட் போர்டுல 91–95-ன்னு ஒட்டிட்டு மேல் அலாரத்தை 100-ல வச்சா குழந்தை 98-லயே மிதக்கும், யாருக்கும் தெரியாது. ஆக்சிஜன் குடுக்கற குழந்தைக்கு மேல் அலாரம் கட்டாயம் வேணும், வெறும் காத்துல இருக்கற குழந்தைக்கு அது தேவையில்லாத சத்தம். சாச்சுரேஷன் விழுந்ததும் ஆக்சிஜனை ஏத்திட்டு, குழந்தை தேறினப்புறம் இறக்க மறந்துட்டுப் போறதுதான் மேல போறதுக்கு முக்கியக் காரணம், ஏத்தினவங்களே நின்னு இறக்கிட்டுப் போகணும்னு யூனிட்ல ஒரு வழக்கம் வச்சுக்கங்க. தானா ஆக்சிஜனை ஏத்தி இறக்கற மிஷினும் வந்திருக்கு, ரேஞ்சுக்குள்ள இருக்கற நேரத்தைக் கூட்டுதுன்னு காட்டியிருக்காங்க.

மேல் டார்கெட் எடுத்தா கண் ட்ரீட்மெண்ட் கூடும்னு அந்த எண்ணுங்களே சொல்லுது. அதனால கண் ஸ்க்ரீனிங் இல்லாத இடத்துல 91–95 மட்டும் எடுத்துக்கிட்டு வந்துட்டா பாதி ஆதாரத்தைத்தான் கொண்டு வந்திருக்கீங்க. ட்ரயல் நடந்த ஆஸ்பத்திரிங்க எல்லாத்துலயும் கண் டாக்டர் குறிச்ச வாரத்துல வந்து பாத்தாங்க, அந்தப் பார்வை இழப்பு எண் அப்படி வந்தது அதனாலதான். அப்பா அம்மா கேக்க வேண்டிய கேள்வியும் இங்கதான் இருக்கு: எங்க குழந்தைக்கு டார்கெட் என்ன, அலாரம் எங்க வச்சிருக்கீங்க, ஒரு நாள்ல எவ்வளவு நேரம் அந்த ரேஞ்சுக்குள்ள இருக்கு, முதல் கண் டெஸ்ட் எந்தத் தேதி. வீட்டுக்கு அனுப்பினப்புறமும் கண் டெஸ்ட் பாக்கி இருந்தா அந்தத் தேதியை டிஸ்சார்ஜ் சம்மரியில எழுதி வாங்கிக்கங்க.